கலகத்துக்கு ஆள் எடுத்தார்கள்

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஓமான் நாட்டு சோஹார் கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்த கேம்ப் பாஸ் அஸீம், அடுத்த நாலைந்து நாளைக்கு இந்த ஷெட்டுக்காரர்களுக்கு சைட் வேலை கிடையாது, கூட்டத்தில் நிற்கப் போக வேண்டும் என்றார். என்ன கூட்டம் என்று கேட்டார்கள். ரமலானுக்கு டிவியில் வரப்போகிற நாடகம், அந்தக் காலத்துக் கலகக் கதை, நீங்களெல்லாம் கலகக்காரர்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே வேடிக்கையாக இருந்ததால் அஸீம் சிரித்தார். கூடமே சிரித்தது. சேதுபதி மட்டும் குப்பூஸைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

ஆடி மாதத்திலிருந்தே அவன் அப்படித்தான். கேட்டால் பதில் சொல்வான், டூட்டிக்குப் போவான், வருவான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அத்தனை பேருக்கும் தெரியும்.

சேதுபதிக்கு முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசக்காட்டு ஊர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம் விறகு. வளைகுடாவுக்கு வந்து சாரம் கட்டும் வேலையில் கைதேர்ந்த பிறகு, தங்கை கனகாவின் புருஷன் விமலுக்கும் ஒரு விசா பார்த்துக் கொடுத்தான். விமல் ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் நிற்கிற ஆள். கூப்பிட வேண்டியதே இல்லை. இலை விழுவதற்குள் சாம்பார் வாளியோடு வந்து நிற்பான். கேம்ப்புக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரூமில் எட்டுப் பேருக்கும் பரிமாறி முடித்துத்தான் தன் தட்டை எடுப்பான். சேதுபதியை மச்சான் என்பான். சேதுபதிக்கு அவன் மாப்ள.

அந்த வெயில் காலத்தில் சைட்டில் இருந்த வாட்டர் கூலர் கெட்டுப் போனது. இரும்புத் தொட்டியில் தண்ணீர் கிடந்தது, ஆனால் அதில் டீத்தூள் போட்டால் டீயாகிவிடும் என்கிற அளவுக்குச் சூடு. வாய் வைக்க முடியாது. விமல்தான் போர்மேனிடம் போய்ச் சொன்னான். புக்ரா என்றார் போர்மேன். நாளைக்கு என்று அர்த்தம். நாலு நாள் கழித்து மறுபடி போனான், மறுபடியும் புக்ரா. மூன்றாவது தடவை அருள்ராஜையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போனான். அதிகம் பேசுகிறவர்களைப் பாலைவனத்து சைட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அன்றைக்குப் பதில் வந்தது.

மத்தியான இடைவேளை முடிந்து மறுபடி சாரத்தில் ஏறிய ஒரு நாளில், விமல் பாதி வேலையில் தானாக இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்தான். ஆள்கள் சத்தம் போட்டார்கள். அடுத்த சாரத்திலிருந்து சேதுபதி ஓடி வந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது உடம்பு அடுப்பாகக் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் எங்கேயோ பார்த்தது. "மச்சான், ஆளு வந்துருச்சு, இலையப் போடுங்க" என்றான். பிறகு யாரோ ஒரு பெரியவரை உட்காரச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பேச்சு நின்றது.

இதயம் நின்று இறந்தான், இயற்கை மரணம் என்று எழுதினார்கள். மூன்று வாரம் போல ஆயிற்று பெட்டி ஊர் போய்ச் சேர. திறக்க வேண்டாம் என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். கனகா பெட்டியின் மேல் விழுந்து அழுதாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வயசுக்காரனுக்கு நெஞ்சு எப்படி நிற்கும் என்று ஊர் கேட்டது. கேள்விக்கு ஊரே பதிலும் கண்டுபிடித்தது. அங்கே போய்க் குடித்துக் குடித்தே செத்தான், கூட்டிக்கொண்டு போன மச்சினன்தான் பழக்கிவிட்டான் என்று விமலின் அண்ணனே டீக்கடையில் சொன்னார். தம்பியைப் பறிகொடுத்த கோபம் அவருக்கு, யார் மேலாவது போட வேண்டியிருந்தது. கனகா போனில் இதைச் சொன்னபோது சேதுபதி மறுத்துச் சொன்னான். அவன் சொன்னதை அவள் நாலு பேரிடம் சொன்னாள். உங்கண்ணன் வேறென்ன சொல்லுவான் என்றார்கள்.

இப்படி இருந்தவனைத்தான் கலகக்காரனாக வேஷம் போட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஊரைத் தாண்டி ஒரு பழைய பேரீச்சந்தோட்டத்தில் படப்பிடிப்பு. தோட்டத்துக்கு நடுவே பலஜ் என்று அங்கே சொல்கிற கல் வாய்க்கால் ஓடியது. தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான், ஆனாலும் ஓடியது. மண் நிறத்தில் அங்கியும் தலைத்துணியும் கொடுத்தார்கள். மேக்கப் போடுகிற பெண் ஒவ்வொரு முகத்திலும் கரியும் புழுதியும் பூசிக்கொண்டே வந்தாள். சேதுபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒன்றும் தேவையில்லை என்பதுபோல அடுத்தவனுக்குப் போனாள்.

கூட்டத்தை மேய்க்கிற பொறுப்பு இஃப்பத் என்ற உதவி இயக்குநருக்கு. கராச்சிக்காரி, முப்பது வயதிருக்கும். ஜீன்ஸும் தொப்பியும், கழுத்தில் தொங்கும் வாக்கி டாக்கியுமாக ஓடிக்கொண்டே இருந்தாள். ஆள்கள் இறங்கியதும் அவள் முதலில் செய்த காரியம், ஐஸ் பெட்டிகளைத் திறந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொள்ளச் சொன்னது. குளிர் மாதம் என்பதால் யாருக்கும் அவ்வளவு தாகம் இல்லை. ஆனாலும் ஆளுக்கொன்று எடுத்து, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள். அருள்ராஜ் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "வேஷம் போட்டவனுக்கு ஐஸ் தண்ணியாம்ணே" என்றான் சேதுபதியிடம். சொல்லிவிட்டு வேறு பக்கம் போனான்.

அருள்ராஜ் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், இந்தி நன்றாக வரும். இஃப்பத் இந்தி உருது கலந்து சொல்வதை அவன் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னான்.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்திய கதை, நடந்தது இதே கடற்கரையில் வடக்கே தள்ளி, பஹ்ரைன் என்றும் ஹஜர் என்றும் சொன்ன நாட்டில் என்று அவள் தொடங்கினாள். பாக்தாதில் கலீபாவின் ஆட்சி. ஆற்றங்கரை வயலும் தோட்டமும் பெரிய மனிதர்கள் கையில். வாய்க்காலில் அவர்களுக்குப் போக மிச்சம்தான் ஏழைக்கு. மரத்தில் காய் இருக்கும்போதே வரிக்காரன் வந்து எண்ணிவிட்டுப் போவான். காற்றில் உதிர்ந்தாலும் அவன் எண்ணினது எண்ணினதுதான். கொடுக்க முடியாதவனை வெயிலில் நிறுத்தி வைப்பார்கள், தலையில் எண்ணெய் ஊற்றி. முறையிடப் போனால் முறையிட்டவனுக்கே அடி விழும். இப்படி இருந்த ஊர்களுக்குள் ஒவ்வொருவராக ஆட்கள் வந்தார்கள். ஒருவர் மாட்டுக்காரர், இன்னொருவர் மாவு வியாபாரி. நபியின் வீட்டு வம்சத்திலிருந்து ஒருவர் வரப்போகிறார், அநியாயம் நிரம்பிக் கிடக்கிற பூமியை நியாயத்தால் நிரப்பப்போகிறார் என்று சொன்னார்கள். ஷியாக்களில் ஒரு பிரிவு அது, கர்மத்தியர் என்று பெயர். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னால் போனார்கள்.

பின்னால் அவர்கள் செய்த கொடுமையும் உண்டு, ஹஜ்ஜுக்குப் போனவர்களையே வெட்டினார்கள், அதை நான் மறைக்கவில்லை என்றாள் இஃப்பத். நாடகம் எழுதியவர் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சும்மா கிடந்த குடியானவன் ஏன் எழுந்தான் என்று ஒரு காட்சியாவது வேண்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன், அந்தக் காட்சிதான் இன்றைக்கு என்றாள்.

"மதம் புரிஞ்சா போனாங்க, பாய்? வந்த மனுஷன் அவங்களோட தரையில உட்கார்ந்து சாப்பிட்டான். ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் பேர் என்னன்னு கேட்டான். அதுவரைக்கும் அவங்க பேரைக் கேட்டவன் வரிக்காரன் மட்டும்தான்."

அருள்ராஜ் இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் சலசலப்பு அடங்கியிருந்தது. ஜெயித்த பிறகாவது நல்லது செய்தார்களா என்று ஒருவன் கேட்டான். செய்ததாக ஒரு பயணி எழுதி வைத்திருக்கிறார் என்றாள் அவள். வீடு இடிந்தவனுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள், வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தொழில் தொடங்க உதவினார்கள், ஏழைகள் தானியம் கொண்டுவந்தால் அரசாங்க ஆலையில் இலவசமாக மாவு அரைத்துக் கொடுத்தார்கள்.

காலையிலிருந்து வாய் திறக்காத சேதுபதி அப்போதுதான் பேசினான்.

"தோட்ட வேலையெல்லாம் அப்புறம் யாரு பாத்தாக?"

கேலியாகக் கேட்கவில்லை. வயல் என்று ஒன்று இருந்தால் அதில் குனிகிற முதுகு ஒன்று இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, கேட்டான். ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிவந்த அடிமைகள், ஆயிரக்கணக்கில் என்று அந்தப் பயணியே எழுதியிருக்கிறார் என்றாள் இஃப்பத். அவர்கள் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள்.

"அப்ப நம்மள எந்தப் பக்கம் நிக்கச் சொல்றாக?" என்றான் அருள்ராஜ் தமிழில். அதை அவன் இந்தியில் மாற்றிச் சொல்லவில்லை.

படம் எடுக்கத் தொடங்கினார்கள். மாவு வியாபாரியாக நடித்தவர் வெளிநாட்டு நடிகர், வயதானவர், நரைத்த தாடியும் களைத்த கண்ணுமாக இருந்தார். அவர் வாய்க்கால் மேட்டில் நின்று அரபியில் பேசுவார். கூட்டம் முதலில் முணுமுணுக்க வேண்டும், பிறகு கத்த வேண்டும். பிறகு அவர் இறங்கி வந்து வரிசையாக ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பெயர் கேட்பார். நாலு தடவை எடுத்தார்கள், நாலு தடவையும் சரியாக வரவில்லை. ஆள்கள் கேமராவைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மானிட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர், உணர்ச்சி மாஃபி, ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தார்.

இஃப்பத் ஓடி வந்தாள். உங்கள் பாஷையிலேயே கத்துங்கள், எப்படியும் உங்கள் குரலை எடுத்துவிட்டு அரபிக் குரல்தான் போடப் போகிறோம், உங்களுக்கு எது கிடைக்கவில்லையோ அதைக் கேட்டுக் கத்துங்கள் என்றாள். அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. நடிக்கத் தெரியாதவர்களிடம் நடிப்பை வரவழைக்க அது ஒரு வழி, அவ்வளவுதான்.

முதலில் கும்மாளமாகத்தான் போனது. ஒருவன் லீவு குடு என்றான். ஒருவன் மட்டன் குடு என்றான். ஏசியை ரிப்பேர் பண்ணு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பிறகு அருள்ராஜ், "தண்ணி குடுங்கடா" என்றான். சிரிப்பு நின்றது. இரண்டாம் தடவை அவன் சொன்னபோது குரல் கிழிந்தது.

"விமலுக்குத் தண்ணி குடுங்கடா."

அடுத்தவன் பிடித்துக்கொண்டான். அதற்கடுத்தவன். கொஞ்ச நேரத்தில் தோட்டம் முழுக்க அந்த ஒரு பெயர்தான். தமிழ் தெரியாத பெங்காலிகளும் பிகார்க்காரர்களும்கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். அவன் கையால் சாப்பிட்டவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். தண்ணி கேட்டான், கொடுக்கவில்லை, கொன்றுவிட்டீர்கள் என்று ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். சிலர் அழுதார்கள். நல்ல நடிப்பு என்று நினைத்த இயக்குநர் நிறுத்தாதே என்று சைகை காட்டினார்.

வயதான நடிகர் இறங்கி வந்தார். வரிசையில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டே வந்து சேதுபதியிடம் நின்றார். உன் பெயர் என்ன என்று அரபியில் கேட்டார். வேஷத்துக்காகக் கேட்ட கேள்வி. ஆனால் அந்த மனிதரின் கை வெதுவெதுப்பாக இருந்தது, கண் நேராகப் பார்த்தது. விமல் இறந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் ஏர்போர்ட்டிலும் சேதுபதியைப் பார்த்துப் பேசியவர்கள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"எம் மாப்ள பேரு விமலுங்க" என்றான் அவன். "மூணு தடவை கேட்டான். நாளைக்கு நாளைக்குன்னாக. எம் மடியிலதான் போனான். எந் தங்கச்சிக்கு நான் என்னங்க சொல்லுவேன்?"

நடிகருக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. என்றாலும் அடுத்த ஆளிடம் நகர வேண்டியவர் நகராமல், சேதுபதியைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் அங்கியில் முகம் புதைத்து அவன் அழுதான். ஆடி மாதத்திலிருந்து அடைத்துக் கிடந்தது அத்தனையும் அன்றைக்கு வந்தது.

செட்டில் போன் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் தோட்டத்து மண்மேட்டில் நின்ற டிரைவர் ஒருவன் எல்லாவற்றையும் போனில் பிடித்திருந்தான். மறுநாளே அது கைக்குக் கை போனது. மஸ்கட், துபாய், தோஹாவில் நஜ்மா பகுதியில் ரூம் எடுத்திருந்த முதுகுளத்தூர்க்காரர்கள், அங்கிருந்து ஊர். ஓமானில் தொழிலாளர்கள் கலகம் என்று யாரோ தலைப்பும் வைத்துவிட்டார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது படப்பிடிப்பு என்றே தெரியாது.

கனகா போன் செய்தாள். "அத்தனை பேரும் அவுக பேரைச் சொன்னாகளேண்ணே" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து, ஐயோ தண்ணி கேட்டுச் செத்திருக்கானே, தெரியாமல் பேசிவிட்டோமே என்று அழுதாளாம். டீக்கடையில் இரண்டு நாளாகக் குடிப் பேச்சே இல்லையாம்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி கேம்ப்புக்கு வந்தார். அதட்டவில்லை. சேதுபதியை எதிரே உட்கார வைத்து, அஸீமை விட்டு டீ கொண்டுவரச் சொல்லி, மெல்லிய குரலில் பேசினார். அது நாடகம்தானே, நாடகத்தில் பேசியதை நிஜம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள், அதை நீயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். சொல்லாவிட்டால் அந்த வீடியோவில் முகம் தெரிகிற அத்தனை பேருக்கும் விசா கேன்சல். செத்தவனுக்கு நீதான் சொந்தம், நீ சொன்னால்தான் நம்புவார்கள் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு அஸீம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலப்புறத்துக்காரர், விமல் இறந்தபோது கேம்ப்பில் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர். "ஒரு நிமிஷம் பேசு, சேது. கலாஸ், அதோட முடிஞ்சுது. மனசுக்குள்ள இருக்கறத யாரும் கேன்சல் பண்ண முடியாது" என்றார்.

சேதுபதி ரூமுக்குப் போனான். அருள்ராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பெட்டி கட்டி வைத்திருந்தான். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. மேல் கட்டிலில் புதிதாக வந்த பிகார்க்காரன் ஒருவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வந்து இன்னும் ஒரு லீவுகூடப் போகாதவன். சேதுபதிக்குக் கனகாவும் அவள் பிள்ளை சங்கீதாவும் நினைவுக்கு வந்தார்கள். அவன் போய் ஊரில் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டுவது என்று யோசித்தான். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

சைட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பழைய இரும்புத் தொட்டி இருந்த இடத்தில் புத்தம் புது கூலர் ஒன்று நின்றது, பிளாஸ்டிக் உறைகூட முழுதாகப் பிரிக்கவில்லை. அதன் பக்கத்தில் அவனை நிறுத்தி எதிரே போன் கேமராவைப் பிடித்தார்கள். சொல்ல வேண்டியதை ஒருவர் முன்னாலேயே இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். அது டிவி நாடகத்துக்காக நடித்தது. என் தங்கை புருஷன் விமல் நோய்ப்பட்டு இறந்தான். கம்பெனி எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. சேதுபதி சொன்னான். எங்கேயும் தடுக்கவில்லை, ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தால் நன்றாக இருக்கும் என்றார் அந்த அதிகாரி. பிடித்துக் குடித்தான். தண்ணீர் பல் கூசுகிற குளிர்ச்சியாக இருந்தது.

யாருடைய விசாவும் போகவில்லை. அருள்ராஜ் பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கினான். அன்றிலிருந்து அவனும் சேதுபதியும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டாவது வீடியோவும் ஊர் போய்ச் சேர்ந்தது. கனகாவின் போனுக்காக சேதுபதி பயந்துகொண்டே இருந்தான். ஒரு வாரம் அவள் பேசவில்லை. பேசியபோது கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டுலயும் உம் மூஞ்சியப் பாத்தேன்ணே. எது நெசம்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"ஊரு என்னத்தா சொல்லுது?"

"ஊருக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு."

மாசியில் ரமலான் பிறந்தது. நாடகம் வந்தது. அஸீம் நோன்பு திறந்த பிறகு கூடத்தில் டிவியைப் போட்டு, ஆள்களை உட்கார வைத்துப் பார்த்தார். கலகக்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், கிணற்றில் பிணத்தைப் போட்டார்கள். பேரீச்சந்தோட்டம் வரவே இல்லை. மாவு வியாபாரி ஒரு பகுதியில் இருட்டு அறையில் உட்கார்ந்து சதி செய்தார், அடுத்த பகுதியில் ஆயிரம் பேர் அவர் பின்னால் நின்றார்கள். அந்த ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். இஃப்பத் அருள்ராஜின் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். காட்சியைக் காப்பாற்ற முடியவில்லை, உங்களைக் கத்தச் சொன்னதால் இவ்வளவும் ஆகும் என்று எனக்குத் தெரியாது, அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். கேட்டுவிட்டு சேதுபதி, அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு என்றான்.

ஆடியில் விமலுக்கு வருஷத் திதி. லீவு வாங்கிக்கொண்டு சேதுபதி ஊருக்குப் போனான். ஐயர் வந்து செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார், பங்காளிகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சேதுபதி உட்காரவில்லை. பந்திக்கு எதிரே நின்று, எல்லோரும் கேட்கிற மாதிரி, கூலர் கெட்டுப்போனதிலிருந்து தொடங்கினான். விமல் எப்போது போய்க் கேட்டான், யார் என்ன பதில் சொன்னார்கள், மண்ணில் எப்படி உட்கார்ந்தான், மடியில் கிடந்து என்னவெல்லாம் பேசினான் என்று ஒன்று விடாமல் சொன்னான். இரண்டாவது வீடியோவில் தான் சொன்னது பொய், இன்ன காரணத்துக்காகச் சொன்னேன் என்றும் சொன்னான். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. விமலின் அண்ணன் பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஒண்ணு சொன்னீக, பெறகு ஒண்ணு சொன்னீக. இது மூணாவதா, மச்சான்?" என்றார். குரலில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே அவருக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. "எந் தம்பி எப்படிச் செத்தான்னு கடைசியா ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டு இலையை மடித்தார்.

சேதுபதி தன்னிடம் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு கனகா அவனுக்குச் சோறு போட்டாள். இரண்டாவது வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னாள். முதலாவதை வைத்திருக்கிறாள். சங்கீதா அதைக் காட்டச் சொல்லி ஒரு நாள் அடம் பிடித்தாளாம், அப்பா பேரைக் கத்துகிறார்களாமே, காட்டு என்று. காட்டவில்லை. "வெவரம் தெரியட்டும்ணே" என்றாள். பிறகு, இனிமேல் இதை யாரிடமும் எடுத்துச் சொல்லிக்கொண்டு நிற்காதே, ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

லீவு முடிந்ததும் சேதுபதி திரும்பிப் போனான். விசா இன்னும் இருந்தது.